பெருமூச்சு விடும் பெட்ரோல் டேங்க்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மனிதக் கூட்டம் பாதி, கார்க் கூட்டம் பாதி. அதுவும் இந்தக் காலத்து வண்டிகள் இல்லை. உருண்டை விளக்கும் வளைந்த முதுகும் உள்ள பழங்காலத்து வண்டிகள். ஒவ்வொன்றும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். ஒன்றும் ஓடாது. தள்ளிக்கொண்டு வருவார்கள். கயிறு கட்டி இழுத்து வருவார்கள். ஒரு பேராசிரியர் தன் வண்டியை லாரியில் ஏற்றியே கொண்டுவந்தார். என்ன பாடத்துக்குப் பேராசிரியர் என்று கேட்டுவிடாதீர்கள். இயந்திரவியல்.

இத்தனை பேரும் மெக்கானிக்கைத் தேடி வந்தார்கள் என்று நினைத்தால் அது உங்கள் வெகுளித்தனம். டேங்க் சாமியைத் தேடி வந்தார்கள்.

நான் அந்தத் தெருவில் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவன். என் கடைக்கு நேர் எதிரே சாமியின் கொட்டகை. நடந்ததையெல்லாம் நான் ஊசியில் நூல் கோத்தபடியே பார்த்திருக்கிறேன். பார்த்தவன் மட்டுமா, நம்பியவனும்தான். என் தையல் மெஷினுக்கும் சாமி காப்பு வைத்துக் கொடுத்திருந்தார். நூல் அறுவது அப்படியே அறுந்துகொண்டுதான் இருந்தது. காப்பு இல்லாவிட்டால் இன்னும் அறுந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு அறிவாளி நான்.

சாமியின் வைத்தியம் எளிமையானது. பானெட்டைத் திறக்கவே மாட்டார். கையில் கறை படாத ஒரே கார் வைத்தியர் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும்.

"எஞ்சின் வெறும் உடம்புப்பா. டேங்க்தான் நெஞ்சு" என்பார். "பழைய வண்டின்னா பழைய சொந்தக்காரன் ஒருத்தன் இருந்திருப்பான்ல. செத்தப்புறம் அவன் எங்க போவான்? ஆசையா வச்சிருந்த வண்டியை விட்டுப் போவானா? டேங்க்குக்குள்ளதான் உக்காந்திருப்பான்."

கூட்டம் தலையாட்டும். அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் சாட்சி எங்கே, ஆதாரம் எங்கே என்று ஊரையே குடைந்தெடுத்தவர். இங்கே வந்து எல்லோருக்கும் முன்னால் நின்று தலையாட்டினார்.

முதல் தடவை வரும் வண்டிக்குச் சாமி டேங்க் மூடியைத் திறந்து, வாயை அதன் வாயில் வைத்து ஏதோ முணுமுணுப்பார். மூடியில் புது ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, நடுவில் சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி, கட்டைவிரல் மோதிரத்தால் ஒரு அழுத்து அழுத்துவார். அதுதான் காப்பு. அதன் பிறகு மூடியை அவர் மட்டும்தான் திறக்க வேண்டும், பெட்ரோல் ஊற்றுவதாக இருந்தாலும். "போ, செல்ஃப் அடி" என்பார். வண்டி கிளம்பினால் சாமியின் மகிமை. கிளம்பாவிட்டால் வண்டிக்காரன் மனசில் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம்.

விசேஷம் என்னவென்றால், காப்பு வைத்த வண்டி அடுத்த வாரமே நடுரோட்டில் நின்றுவிடும். திரும்பக் கொண்டுவருவார்கள். இந்த முறை சாமி மூடியைத் திருகும்போது டேங்க்குக்குள்ளிருந்து "ஹ்ஹ்ஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். நானே கேட்டிருக்கிறேன். உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

"கேட்டியா? பெருமூச்சு விடறாரு" என்பார் சாமி. "போன வாரம் மனசு திறக்கலை. இப்பத்தான் திறந்திருக்காரு."

அவ்வளவுதான். செல்ஃபை நாலு சுற்றுச் சுற்றினால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். மெழுகு கொஞ்சம் கீறியிருந்தால் புது மெழுகு. அடுத்த வாரம் மறுபடியும் நிற்கும். மறுபடியும் பெருமூச்சு. ஒரு தடவை குணமாகிப் போன நோயாளி வாராவாரம் அதே நோயோடு வருகிறானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வைத்தியர் ரொம்பக் கெட்டிக்காரர் என்றுதான் தோன்றியது.

இரண்டு மாதம் இப்படி இழுத்தபிறகும் பெருமூச்சு நிற்காத வண்டிகள் சில உண்டு. பெரும்பாலும் அவை விலையுயர்ந்த வண்டிகளாகவே இருக்கும். அந்த ஆவிகளுக்கு மட்டும் கோபம் அதிகம். அப்படிப்பட்ட வண்டியைச் சாமியிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அவர் ஆவியைக் கரையேற்றுவார். ஆவி கரையேறியதா என்று எனக்குத் தெரியாது. வண்டி மட்டும் ஒரே வாரத்தில் கொட்டகையை விட்டு எங்கோ ஏறிப் போய்விடும்.

இதுவரைக்கும் எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கல்யாணக் கார் அக்கா விஷயத்தில்தான் வேடிக்கை வினையானது.

அக்கா எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி. பால் நிறத்தில் நீளமான பழைய கார் ஒன்று அவளிடம் இருந்தது. புதுமணத் தம்பதிகளை ஏற்றிப்போகவும் படம் பிடிக்கவும் அதை வாடகைக்கு எடுப்பார்கள். முன்பு ஓட்டியது அவள் கணவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலையில்தான் அக்கா அவரோடு சண்டை போட்டிருந்தாள். "பொண்டாட்டியைத் துடைக்கிறீங்களோ இல்லையோ, அந்தக் காரை மட்டும் தினம் துடைங்க" என்று சொல்லியிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே துடைத்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் அழாத நாள் இல்லை.

அழுதாலும் அடுத்த மாதமே ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டாள். அவர்தான் கற்றுக்கொடுத்திருந்தார். கல்யாணப் பெண்கள் ஒரு பெண் ஓட்டுகிற வண்டி என்று விரும்பி அழைத்தார்கள். ஒருநாள் விடிய விடிய மழை. காலையில் வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, பத்து மணிக்குப் பொண்ணை அழைச்சுக்கப் போகணும். என்ன செய்யறது?"

"எதுக்கும் எதிர்ல சாமிகிட்டக் காட்டிடும்மா" என்றேன்.

ஆமாம். அனுப்பிவைத்த புண்ணியவான் நான்தான். தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினோம். ஒரு மணி நேரம் நல்ல வெயில் அடித்தது. நனைந்திருந்த ஒயரெல்லாம் காய்ந்தது. சாமி மூடிக்குள் முணுமுணுத்து, மெழுகு வைத்து, அடிக்கச் சொன்னார். வண்டி கிளம்பியது. வெயிலுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பிடித்தது சனி. வண்டி இருபது நிமிஷம் ஓடும், நிற்கும். மணப்பெண்ணை வைத்துக்கொண்டு நாற்சந்தியில் நின்றது. இன்னொரு பெண் பட்டுப்புடவையோடு ஆட்டோ பிடித்துப் போனாள். வாடகைக்குக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். அக்கா வாராவாரம் சாமியிடம் போனாள். டேங்க் பெருமூச்சு விட்டது. ஏழாவது வாரம் சாமி தீர்ப்புச் சொன்னார்.

"உன் புருஷனுக்கு உன் மேல கோபம்மா. கடைசியா என்ன சொல்லி அவர் மனசை நோகடிச்சியோ, எனக்குத் தெரியாது. நீ ஸ்டீயரிங்கைத் தொடறது அவருக்குப் பிடிக்கலை. வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியை இங்க விட்டுடு. இல்லேன்னா டேங்க்கை விட்டு வீட்டுக்குள்ள வருவாரு."

கடைசியாக எதையாவது சொல்லி நோகடிக்காத புருஷன் பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறார்கள்? ஆனால் அக்கா ஆடிப்போய்விட்டாள். என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"வண்டி போனா என் பொழப்புப் போச்சு. அது எனக்குத் தெரியுது அண்ணே. ஆனா அந்த மூச்சை நான் என் காதால கேட்டேன். எட்டு மாசமா உள்ள அடக்கி வச்சிருந்த மாதிரி ஒரு மூச்சு. நான் ஓட்ட ஓட்ட அந்த மனுஷன் உள்ள கிடந்து தவிக்கிறாருன்னா, எனக்கு எதுக்கு அந்த வண்டி? குடுத்துடறேன்."

அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வழிகாட்டியவன் நான் அல்லவா. அப்போதும் சாமியைச் சந்தேகிக்கவில்லை, பாருங்கள். செத்துப்போன அந்த நல்ல மனுஷன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

வியாழக்கிழமை அக்காவின் தங்கை வந்து இறங்கினாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா போனில் அழுததைக் கேட்டு, லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கதை முழுவதையும் கேட்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "வண்டியை எடுக்கா. ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம்" என்றாள். தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

கிளம்பும்போதே தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு காகிதத்தில் நேரம் குறித்தாள். இருபத்திரண்டாவது நிமிஷம் வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. தங்கை இறங்கி நேரே பின்பக்கம் போனாள்.

"தொடாதடி" என்று அக்கா பதறினாள். "சாமி மட்டும்தான் திறக்கணும்."

தங்கை திறந்துவிட்டாள். ஹ்ஹ்ஸ்ஸ்ஸ். அக்கா கைகூப்பிக்கொண்டு கண்ணை மூடினாள். தங்கை மூடியை மறுபடி மாட்டிவிட்டு, "இப்ப அடி" என்றாள். கிளம்பிவிட்டது.

"நான் ஒரு மந்திரமும் சொல்லலையேக்கா. எப்படிக் கிளம்புச்சு?"

"உன்னை அவருக்குப் பிடிக்கும்டி. சொந்தத் தங்கச்சி மாதிரி வச்சிருந்தாரு."

அடுத்த இருபது நிமிஷத்தில் மறுபடி நின்றது. இந்தத் தடவை என்னைத் திறக்கச் சொன்னாள் தங்கை. திறந்தேன். அதே பெருமூச்சு. அதே மாதிரி கிளம்பியது.

"தையல்கார அண்ணனையும் மாமாவுக்குப் பிடிக்குமா?"

"அண்ணன் மேல அவருக்குத் தனி மரியாதை."

மூன்றாவது முறை நின்றபோது அந்த வழியாகப் போன தபால்காரர் ஒருவரைக் கூப்பிட்டாள் தங்கை. யார் பெற்ற பிள்ளையோ, பாவம். மூடியைத் திருகச் சொன்னதும் திருகினார். பெருமூச்சு. கிளம்பியது. தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அசரவில்லை. "தபால்காரங்கன்னா அவருக்கு உசிரு" என்றாள்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்கும்போதே உள்ளுக்குள் ஏதோ கழன்றது. நான் திறந்தாலும் கிளம்புகிறது, தபால்காரர் திறந்தாலும் கிளம்புகிறது. அப்புறம் சாமிக்கு என்ன வேலை?

அன்று மாலை தங்கை என் கடைக்குத் தனியாக வந்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில கண்ணாடி பாட்டிலைத் தலைகீழாத் தொங்கவிட்டு மருந்து ஏத்துவோம். பாத்திருப்பீங்க. மருந்து இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து போகணும். அதுக்காக ரப்பர் மூடியில தனியா ஒரு ஊசி குத்துவோம். குத்த மறந்துட்டா கொஞ்ச நேரத்துல சொட்டு நின்னுடும். ஊசியைக் குத்தின உடனே குபுகுபுன்னு காத்து உள்ள ஏறி மருந்து மறுபடி இறங்கும். அந்த பாட்டிலுக்குள்ள எங்க மாமாவா இருக்காரு?"

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறையக் காத்து உள்ள போகணும். பழைய வண்டி மூடியில அதுக்குன்னே ஒரு குட்டித் துளை இருக்கும். அந்த ஆள் அது மேலதான் மெழுகை வச்சிருக்கான். சுத்தியும் போகாம இருக்க ரப்பர் வளையம் வேற. உள்ள வெறுமையாகி பெட்ரோல் வர மாட்டேங்குது. மூடியைத் திறந்ததும் வெளிக்காத்து உள்ள பாயுது. அதுதான் உங்க பெருமூச்சு. மூச்சு வெளிய வரலை அண்ணே, உள்ள போகுது."

"அப்ப மெழுகைக் கிள்ளிப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?"

"வண்டி ஓடும். அக்கா மனசு ஓடாது. மாமா அந்த ஓட்டை வழியா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு அதுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கிட்டு ஆயுசுக்கும் அழுவா. அவளே பாத்துத் தெரிஞ்சுக்கணும்." கொட்டகையில் நின்ற சாமியின் பழைய வேனை எட்டிப் பார்த்தாள். "அந்த வேன் எப்பவாவது நின்னிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். நின்றதே இல்லை. தூக்கம் வராத அந்த இரவு போய் மறுநாள் காலையில், சாமி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நைசாகப் போய் அந்த வேனின் மூடியைப் பார்த்தேன். மெழுகு இல்லை. நடுவில் சின்னதாக ஒரு துளை. தூசி படாமல் துடைத்து வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் காப்பு வைக்கிற மனுஷன் தன் வண்டிக்கு வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாளாக என் காதில் சுற்றியிருந்த பூ அந்த நிமிஷம்தான் உதிர்ந்தது. கடைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தையல் மெஷினிலிருந்த மெழுகைச் சுரண்டி எறிந்தேன். பிறகு போய்த் தங்கையிடம் கண்டதைச் சொன்னேன்.

ஞாயிறு வந்தது. கல்யாணக் கார் ஒப்படைப்பு என்று கேள்விப்பட்டு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். பத்துப் பதினைந்து பழைய வண்டிகள், எல்லாவற்றிலும் புது மெழுகு. அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். சாமி கையை நீட்டினார். தங்கை நடுவில் புகுந்தாள். குரலில் தேன் வழிந்தது.

"சாமி, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். எங்க மாமா டேங்க்குல இருக்காரா, மூடியில இருக்காரா?"

"டேங்க்குலதாம்மா. மூடி வெறும் தகரம்."

"இந்தக் காப்பு வச்ச மூடியால எந்த வண்டிக்காவது கெடுதல் வருமா?"

"என்னம்மா இப்படிக் கேக்கற. நான் வச்ச காப்பு. எமன்கூட கிட்ட வரமாட்டான்."

"அப்ப உங்க வேனுக்கு ஏன் சாமி காப்பு இல்லை?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சாமியின் வண்டிக்கே காப்பு இல்லையா? நமக்கெல்லாம் வைத்துவிட்டுத் தன்னைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே. சந்தேகப்படவில்லை ஐயா, உருகினார்கள். நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க மாமாவுக்குக் கடைசியா ஒரு சவாரி போகணும்" என்றாள் தங்கை. "எல்லாரும் வண்டியை எடுங்க. மேம்பாலம் தாண்டிப் போய்ச் சுத்திக்கிட்டுத் திரும்பி வரலாம். அக்கா வண்டியோட காப்பு மூடியை சாமி வேனுக்குப் போட்டுடுவோம். சாமியோட வெறும் மூடி எங்க வண்டிக்குப் போதும். ரெண்டும் ஒரே அளவுதான். மாமாதான் டேங்க்குல இருக்காரே, அவரா நிறுத்தினா நிறுத்தட்டும்."

"அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா" என்றார் சாமி.

"அடக்கத்தைப் பாருங்க" என்றார் நீதிபதி. சொன்னதோடு நிற்கவில்லை. தன் கையாலேயே இரண்டு மூடிகளையும் கழற்றி மாற்றி மாட்டினார். காப்பு மூடியை வேனில் முறுக்கி இறுக்கியபோது கூட்டம் கைதட்டியது. சாமியால் சிரிக்க மட்டும்தான் முடிந்தது.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் அக்காவின் கார், பக்கத்தில் தங்கை. அடுத்து சாமியின் வேன். அவரே ஓட்டினார், பக்கத்தில் நீதிபதி, பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் ஊரிலுள்ள ஓட்டை உடைசல் சீமான்கள் அத்தனை பேரும்.

பத்தாவது நிமிஷத்திலேயே சாமிக்கு வியர்த்துக் கொட்டியது. வண்டி என்னவோ ஜோராகத்தான் ஓடியது.

"ஒரு நிமிஷம் நிறுத்தி, பின்னாடி மூடி சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"நான்தானே மாட்டினேன். நல்லா இறுக்கியிருக்கேன், சாமி" என்றார் நீதிபதி.

"இல்லை, கொஞ்சம் காத்து..."

"காத்துதானே, இந்தாங்க" என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார் அந்த உத்தமர்.

மேம்பாலம் ஏறும்போது பின்னால் பேராசிரியரின் வண்டி குலுங்கி நின்றது. அவர் காலையில்தான் டேங்க்கை நிரப்பியிருந்தார். நிரம்பிய டேங்க்கில் மிச்சக் காற்று கொஞ்சம்தான், அதனால் அவருக்குச் சீக்கிரம். அடுத்து ஒரு பச்சை வண்டி. அடுத்து இரண்டு கதவு வண்டி ஒன்று. பாலத்தின் உச்சிக்கு வந்தபோது எங்கள் வேன் இரண்டு தடவை விக்கியது. சாமி ஆக்ஸிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தார். நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாலம் நெடுக, பளபளவென்று, வரிசையாக, ஒன்றுவிடாமல் நின்றிருந்தன. எமன் கிட்ட வராத வண்டிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. செத்தவர் உட்கார்ந்திருந்த வண்டி ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவின் கார் பாலம் இறங்கி, சுற்றி வளைத்து, எதிர்ப்பக்கமாக ஏறி எங்களுக்கு நேரே வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. அது சீராக ஓடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தங்கை இறங்கி வந்தாள்.

"என்ன சாமி, மாமா உங்க வேனுக்கு வந்துட்டாரா? உங்களோட முன்பின் பழக்கம்கூட இல்லையே."

சாமி வாயைத் திறக்குமுன் தங்கை வேனின் மூடியைத் திருகினாள். ஹ்ஹ்ஸ்ஸ்ஸ். நீதிபதி துள்ளிக் குதித்து இறங்கினார். பின்னால் பேராசிரியர் தன் மூடியைத் திருகினார். ஹ்ஹ்ஸ்ஸ்ஸ். பச்சை வண்டி, ஹ்ஹ்ஸ்ஸ்ஸ். பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெருமூச்சு. இத்தனை பேர் வீட்டுப் பெரியவர்களும் கூட்டுச் சேர்ந்து ஒரே நேரத்தில் மனம் நொந்தார்கள் போலிருக்கிறது.

"ஆவி மூடியோட தாவிடுச்சு" என்றார் சாமி. குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"மூடி வெறும் தகரம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் நீதிபதி. முப்பது வருஷத்துச் சர்வீஸ் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

தங்கை பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். எல்லோருக்கும் தெரியும்படி மூடியைத் தூக்கிப் பிடித்து, மெழுகின் நடுவில் குத்தி, சுற்றிச் சுரண்டினாள். சின்னத் துளை தெரிந்தது. அதன் வழியாக ஆகாயத்தைப் பார்த்தார் பேராசிரியர். பிறகு தரையைப் பார்த்தார். நீண்ட நேரம் தரையையே பார்த்தார்.

"காத்து போற வழி" என்று முணுமுணுத்தார். "முதல் வருஷப் பாடம்."

"சொன்னா நம்பாதீங்க. இதை இப்படியே மாட்டி இந்த வேனை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. நின்னா நான் சாமி கால்ல விழறேன்" என்றாள் தங்கை. மாட்டினார்கள். நீதிபதி சாமியை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போனார். போனவர் ஒன்றேகால் மணி நேரம் திரும்பவில்லை. வரும்போது ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

அதற்குள் கூட்டம் சாமியைச் சூழ்ந்துவிட்டது. பேய் அறைந்தவர் மாதிரி நின்றார் பேயோட்டி. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார்.

"ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருபது வருஷம் நின்னவன் நான்" என்றார். "மூடியில துளை அடைச்சிருக்கு, கொஞ்சம் குத்தி விடுங்கன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். ஒருத்தன் நின்னு கேக்கலை. அதே துளையை அடைச்சிட்டு உள்ள ஆவி இருக்குன்னு சொன்னேன். வரிசையில வந்து நின்னீங்க. நான் என்ன செய்ய?"

ஒவ்வொருவரும் தங்கள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர் அந்த இடைவெளியில் பாலத்தின் படிக்கட்டு வழியாகக் கம்பி நீட்டினார். அவரிடம் ஒப்படைத்து ஏமாந்த வண்டிகளையெல்லாம் திருப்பிக் கேட்டு நீதிபதி வழக்குப் போட்டது பிறகு நடந்த கதை.

நான் அக்காவைத் தேடினேன். அவள் காரை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கன்னம் நனைந்திருந்தது.

"அண்ணே, நாப்பது நிமிஷம் ஆச்சு" என்றாள். "நான்தான் ஓட்டினேன். ஒரு தடவைகூட நிக்கலை. அவருக்கு என் மேல கோபம் இல்லை அண்ணே."

"அவரு உயிரோட இருந்தப்பவே உன் மேல கோபப்படத் தெரியாத ஆளு" என்றாள் தங்கை. "செத்தப்புறமா கத்துக்கப் போறாரு? திட்டினப்பக்கூட சிரிச்சாருன்னு நீதானே சொன்னே."

அக்கா சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது. பதினோரு மணிக்கு ஒரு கல்யாணப் பெண்ணை அழைக்க வேண்டியிருந்ததாம். வண்டியைக் கொடுத்துவிடப் போகிறோமே என்று முன்பே மறுத்திருந்தாளாம். போன் போட்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே கிளம்பிப் போனாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். தங்கை நடந்து திரும்பலாமென்று பையை எடுத்தபோது, பாலத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் அவள் முன்னால் கைகூப்பி வரிசையில் நின்றார்கள். ஆமாம், வரிசையில். முதலில் நின்றவர் பேராசிரியர்.

"அம்மா, உங்க கையால எங்க மூடியிலயும் ஒரு குத்துக் குத்திட்டுப் போங்க. உங்க கை ராசியான கை."

தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"டேங்க் மூச்சு விட ஒரு துளை போதும் சார். உங்க தலையில கண்ணு, காது, மூக்கு, வாயின்னு ஏழு இருக்கு. அதை யாரு மெழுகு வச்சு அடைச்சாங்கன்னு வீட்டுக்குப் போய் யோசிங்க. மூடியை நீங்களே குத்திக்குங்க."